சுழன்றால் மட்டும் போதாது

1929-ல் ஒரு மரச் சிற்பியின் கையில் பிறந்த வடிவம் மருந்துக் கூடத்தில் வென்றது, குளத்தில் பிழைத்தது, கடலில் தோற்றது. அதே வடிவம், அதே அசைவு. விளைவு மட்டும் ஏன் மூன்று விதம்?

கலக்குவதை எளிய வேலை என்று நினைப்பவர்கள் ஒரு முறை முறத்தைப் பார்க்க வேண்டும். அரிசி, நொய், உமி, கல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கைப்பழக்கத்தோடு குலுக்கினால் அவை கலப்பதில்லை. பிரிகின்றன. உமி பறக்கிறது, நொய் ஒரு பக்கம் ஒதுங்குகிறது, கல் தனியே தலைகாட்டுகிறது. புடைப்பது, கொழிப்பது, தெள்ளுவது என்று அந்த அசைவுகளுக்குத் தமிழில் தனித்தனி வினைச்சொற்களே உண்டு. ரயில் பயணத்துக்கு வாங்கிய மிக்ஸர் பொட்டலமும் இதையேதான் சொல்கிறது. ஊர் போய்ச் சேர்வதற்குள் வேர்க்கடலை மேலே வந்திருக்கும். உடைந்த ஓமப்பொடியும் காரத் தூளும் அடியில் தங்கியிருக்கும். வழி நெடுக ரயில் குலுக்கியது கலப்பதற்குப் பதில் பிரித்து வைத்திருக்கிறது.

மிக்ஸரில் இது வேடிக்கை. மாத்திரையில் உயிர்ப் பிரச்னை. இதய நோயாளிகளுக்குத் தரப்படும் டிகாக்சின் மாத்திரை ஒன்றில் இருக்கும் மருந்து கால் மில்லிகிராம்தான். மற்றதெல்லாம் மாவும் சர்க்கரையும் போன்ற நிரப்பிகள். ஒரு கிராம் மருந்திலிருந்து 4,000 மாத்திரைகள் பிறக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் அதே கால் மில்லிகிராம் இருக்க வேண்டும். நோயைத் தணிக்கும் அளவுக்கும் உடலை நஞ்சாகத் தாக்கும் அளவுக்கும் இடையே அதிக இடைவெளி இல்லாத மருந்து அது. கலவை சரியில்லை என்றால் ஒரு மாத்திரையில் ஒன்றுமே இருக்காது, அடுத்ததில் இரண்டு மடங்கு இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வெள்ளை வில்லைதான்.

உருளையில் போட்டுச் சுற்றினால் என்ன என்று தோன்றலாம். பல தூள்களுக்கு அது போதும். ஆனால் துகள்களின் அளவிலும் எடையிலும் வேறுபாடு இருந்தால், ஒரே அச்சில் ஒரே திசையில் ஓயாமல் சுழலும் உருளையும் முறத்தின் வேலையைச் செய்யத் தொடங்கிவிடும். சிறிய துகள்கள் இடுக்குகள் வழியே நழுவி நடுவில் சேரும்; பெரியவை வெளிவட்டத்துக்குப் போகும். எவ்வளவு நேரம் சுற்றினாலும் இந்த ஏற்பாடு கலையாது. சில கலவைகளில் சுற்றச் சுற்றப் பிரிவு இன்னும் தெளிவாகும். சக்கரத்தைக் கண்டுபிடித்த நாள் முதல் மனிதன் நம்பி வந்திருக்கும் சீரான சுழற்சிதான் இங்கே குற்றவாளி.

இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை, மருந்தைப் பற்றியோ கலவையைப் பற்றியோ யோசித்துக்கொண்டிராத ஒருவரிடமிருந்து வந்தது. பால் ஷாட்ஸ் 1898-ல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரில் பிறந்தவர். மியூனிக்கில் பொறியியலும் கணிதமும் படித்தார். பிறகு அதிலிருந்து விலகி மரச் சிற்பம் செதுக்கப் போனார். 1927-ல் அவர் குடியேறிய இடம் ஸ்விட்சர்லாந்தில் பாஸல் நகருக்கு அருகே உள்ள டோர்னாக். ருடால்ஃப் ஸ்டைனரின் ஆன்மிக இயக்கத்துக்குத் தலைமையிடம் அது. அந்த இயக்கத்தின் மரத்தாலான பெரிய அரங்கம் 1922-ன் கடைசி இரவில் எரிந்துபோய், அதே இடத்தில் புதிய கான்கிரீட் அரங்கம் எழும்பிக்கொண்டிருந்த சமயம். இயந்திரங்களும் இயற்கையைப் போலத் தாளத்தோடு இயங்க முடியாதா என்பது போன்ற கேள்விகளைப் பொறியியல் கல்லூரிகள் கேட்பதில்லை. டோர்னாக்கில் கேட்டார்கள்.

1929-ல் ஷாட்ஸின் கையில் இருந்தது ஒரு கனசதுரம். அதைவிடச் சாதுவான வடிவம் உண்டா? தாயக்கட்டை முதல் சர்க்கரைக் கட்டி வரை எங்கும் இருப்பது. வைத்த இடத்தில் அசையாமல் உட்காருவது. எதிரெதிரே உள்ள இரண்டு மூலைகளைச் சுற்றி நட்சத்திரம் போன்ற இரண்டு துண்டுகளை அவர் வெட்டி எடுத்தார். மிச்சம் இருந்தது, கனசதுரத்தின் இடுப்பைச் சுற்றி ஓடும் ஒட்டியாணம் போன்ற ஒரு வளையம். அந்த வளையத்தை ஆறு நான்முகித் துண்டுகளாக்கி, ஒன்றை ஒன்றோடு கீல் போட்டு இணைத்தார். அது உயிர் பெற்றது. துணிப்பையின் உட்புறத்தை வெளியே இழுத்துப் புரட்டுவது போல அந்த வளையம் தன்னைத்தானே புரட்டிக்கொண்டது. பை ஒரு முறை புரண்டால் நின்றுவிடும். இது நிற்கவில்லை. உள் வெளியாக, வெளி உள்ளாக, மறுபடி பழைய கனசதுர நிலைக்கு வந்து, எந்த இடத்திலும் முட்டாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

பொறியியல் கணக்குப்படி இது அசையக் கூடாது. ஒரு பொறியில் இத்தனை கண்ணிகள், இத்தனை கீல்கள் இருந்தால் எத்தனை விதமாக அசையலாம் என்று சொல்லும் சூத்திரம் ஒன்று உண்டு. முப்பரிமாண வெளியில் ஆறு கண்ணிகளை ஆறு கீல்களால் வளையமாகக் கோர்த்தால் அந்தச் சூத்திரம் தரும் விடை பூஜ்யம். அதாவது அது கல் போல இறுகி நிற்க வேண்டும். ஏழாவது கண்ணி சேர்ந்தால்தான் அசைவு பிறக்கும். ஆனால் அளவுகளும் கோணங்களும் மிகச் சரியாக அமையும் சில விசேஷ வளையங்களுக்கு இந்த விதி தளர்கிறது என்பதைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் ரவுல் பிரிகார் ஏற்கனவே காட்டியிருந்தார். ஷாட்ஸின் கனசதுரம் அந்த விதிவிலக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தச் செய்தியை மனதில் முடிந்துகொள்வது நல்லது. அவருடைய வெற்றிக்கும் தோல்விக்கும் இதில்தான் வேர் இருக்கிறது.

வளையம் புரளும்போது கனசதுரத்தின் மூலைவிட்டம் காற்றில் எந்தப் பாதையை வரைகிறது என்று அவர் தொடர்ந்து பார்த்தார். அந்தக் கோடு துடைத்துச் செல்லும் பரப்பு ஒரு புதிய திடப்பொருளைச் சூழ்ந்தது. அதுதான் ஓலாய்டு. அதற்கு இன்னொரு எளிய விளக்கமும் உண்டு. ஒரே அளவுள்ள இரண்டு வட்டங்கள். ஒன்று நிற்கிறது, ஒன்று படுத்திருக்கிறது. ஒவ்வொன்றும் மற்றதன் மையத்தின் வழியே போகிறது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே தோலால் இறுக்கிப் போர்த்தினால் கிடைப்பது ஓலாய்டு. அதன் பரப்பில் ஒரு விளிம்பையும் மற்ற விளிம்பையும் இணைக்கும் நேர்கோடுகள் எல்லாமே ஒரே நீளம்: வட்டத்தின் ஆரத்தைப் போல √3 மடங்கு. ஆரத்தையே பக்கமாகக் கொண்ட கனசதுரத்தின் மூலைவிட்டமும் அதே √3 மடங்குதான். பிறந்த வீட்டு அடையாளத்தை அது விடவில்லை.

இன்னொரு ஆச்சரியம், அதன் மேற்பரப்பு அதே ஆரமுள்ள பந்தின் மேற்பரப்புக்குச் சமம். ஆனால் கொள்ளளவு பந்தினுடையதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. தரையில் உருட்டினால் பந்து போல நேராக ஓடாது. வாத்து போல இடமும் வலமுமாக அசைந்து, எழுந்து தாழ்ந்து, முன்னேறும். போகிற போக்கில் தன் உடம்பின் ஒவ்வொரு புள்ளியையும் தரையில் ஒற்றிவிட்டுத்தான் போகும். ஒரே ஒரு கோட்டில் மட்டும் தேயும் சக்கரத்துக்கு நேர் எதிர்.

இந்த அசைவை இயந்திரமாக்குவதில் ஷாட்ஸ் வாழ்நாளைச் செலவிட்டார். புரளும் கனசதுரத்திலிருந்து அவர் வடித்தெடுத்த பொறியில் ஓர் அடித்தளத்தில் இணையாக நிற்கும் இரண்டு தண்டுகள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் கண்ணி நீளத்தைப் போல மறுபடியும் √3 மடங்கு. ஒவ்வொரு தண்டின் முனையிலும் ஒரு கவை. கவைகளோடு கீல்களால் பிணைக்கப்பட்டு நடுவில் தொங்கும் ஒரு பாத்திரம். தண்டு சுழன்றால் பாத்திரம் சுழல்வதோடு நிற்பதில்லை. முன்னும் பின்னும் போகிறது, சாய்கிறது, தலைகீழாகிறது, நிமிர்கிறது, அதற்குள் மறுபக்கம் கவிழ்கிறது. ஒரு தண்டு சீராகச் சுற்றினால் மற்றொன்று வேகம் ஏறியும் இறங்கியும்தான் சுற்ற முடியும். இதற்கு அவர் 1942-ல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். பாஸல் நகரைச் சேர்ந்த வில்லி பாக்ஹோஃபென் நிறுவனம் இதே தத்துவத்தில் டர்புலா என்ற பெயரில் கலவை இயந்திரம் தயாரித்தது. இன்று உலகெங்கும் மருந்து ஆராய்ச்சிக் கூடங்களிலும் உலோகத் தூள், பீங்கான் தூள் கூடங்களிலும் பழகிய பெயர் அது.

டர்புலாவுக்குள் கரண்டி இல்லை, மத்து இல்லை, இறக்கை இல்லை. மூடிய பாத்திரம் மட்டுமே. உள்ளே தூளை உரசி நசுக்க எதுவும் இல்லாததால் துகள் உடைவதும் சூடாவதும் குறைவு. ஒரு பாத்திரத்தைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டலாம். ஒரு மருந்தின் மிச்சம் அடுத்த மருந்தில் சேரும் பயமும் குறைவு. முக்கியமான விஷயம், பிரிவதற்குத் துகள்களுக்கு அவகாசம் கிடைப்பதில்லை. கனமானது கீழே இறங்கத் தொடங்குவதற்குள் 'கீழே' என்பது வேறு திசையாகிவிடுகிறது. முறத்துக்குத் தேவைப்படுவது ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும் அசைவு. டர்புலா ஒரே சுற்றுக்குள் பல திசைகளில் மனம் மாறுகிறது.

இப்படி மாறுவது ஏன் பலன் தருகிறது என்பதற்குத் திரவங்களைப் பொறுத்தவரை கணித விளக்கம் பின்னர்தான் வந்தது. 1984-ல் ஹசன் ஆரெஃப் என்ற விஞ்ஞானி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு திரவத்தில் இரண்டு சுழிகள். ஒன்று ஓயும்போது மற்றொன்று இயங்கும், இப்படி மாறி மாறி. தனியாக ஒவ்வொரு சுழியும் திரவத்தை வட்டம் வட்டமாகச் சுற்றவிடுமே தவிர கலக்காது. மாற்றி மாற்றி இயக்கினால், பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு துளிகள் விரைவில் எங்கெங்கோ பிரிந்துபோய்விடும். மத்தில் கயிற்றைச் சுற்றி இரு கைகளாலும் மாறி மாறி இழுத்துத் தயிர் கடைந்த பாட்டிமார்கள் இந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. ஆனாலும் மத்து ஒரே திசையில் சுற்றக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தூளில் கிடைத்த வெற்றி நீரிலும் கிடைக்கும் என்று ஷாட்ஸ் நம்பினார். இங்கே பாத்திரத்துக்குப் பதில் ஓலாய்டையே இரண்டு கவைகளுக்கு இடையே மாட்டித் தண்ணீருக்குள் இறக்கினார்கள். காற்றாடி விசிறி போல அது நீரை வெட்டுவதில்லை. மீனின் வால் போல ஒரு பக்கம் தள்ளி, மறுபக்கம் தள்ளி, துடிப்புத் துடிப்பாக நீரை நகர்த்துகிறது. குளங்களிலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிகளிலும் இப்படிப்பட்ட ஓலாய்டு கலக்கிகள் வேலை செய்கின்றன. அதற்குக் காரணமும் உண்டு. கழிவுநீரைச் சுத்தம் செய்வது நுண்ணுயிர்கள். அவை திரள் திரளாகச் சேர்ந்து வாழ்கின்றன. நீர் அசையாவிட்டால் திரள்கள் அடியில் படிந்து, காற்றில்லாமல் அழுகும். வேகமான விசிறியால் கடைந்தால் திரள்கள் சிதறி, பிறகு படிய மறுக்கும். தேவைப்படுவது அதிக நீரை மென்மையாக நகர்த்தும் ஒன்று. ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் மின்சாரச் செலவில் பொதுவாகப் பாதி அளவு காற்றூட்டுவதற்கே போகிறது என்பதால், குறைந்த மின்சாரத்தில் நீரைப் புரட்டும் எதற்கும் அங்கே மரியாதை உண்டு.

இந்த அசைவு நீருக்கு உயிரூட்டுகிறது என்பது போன்ற பேச்சுகளும் கூடவே வளர்ந்தன. டோர்னாக்கின் காற்றில் அப்படிப்பட்ட பேச்சு இயல்பு. ஆனால் எவ்வளவு நீர் நகர்ந்தது, எவ்வளவு மின்சாரம் செலவானது, எவ்வளவு ஆக்சிஜன் கரைந்தது என்று மீட்டர் வைத்து அளக்கக்கூடியவைதான் பொறியாளருக்குச் சாட்சி. ஓலாய்டுக்கு அந்தச் சாட்சியே போதும். அதற்கு மேல் மகிமை ஏற்றுவது, வடிவத்துக்குச் செய்யும் உபகாரமல்ல.

மிஞ்சியது கடல். கப்பலை ஓலாய்டால் ஓட்டுவது ஷாட்ஸின் பெரிய கனவு. 1975-ல் தாளத்தையும் தொழில்நுட்பத்தையும் பற்றி வெளியிட்ட நூலில் தன் வாழ்நாள் ஆராய்ச்சியைத் தொகுத்தார். 1979-ல் மறைந்தார். அவர் கனவு கண்ட கப்பல் வணிகத்துக்கு வரவே இல்லை.

எதிரில் நின்றது சாமானிய எதிரி அல்ல. கப்பல் திருகு விசிறியும் ஒரு காலத்தில் கேலிக்கு ஆளான விநோத வடிவம்தான். இங்கிலாந்தில் ஃப்ரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் 1836-ல் அதற்குக் காப்புரிமை பெற்றபோது அது இரண்டு சுற்று கொண்ட நீண்ட மரத் திருகாக இருந்தது. கால்வாயில் வெள்ளோட்டம் விட்டபோது பாதித் திருகு உடைந்துபோனது. படகு நிற்கவில்லை, முன்னைவிட வேகமாக ஓடியது. அந்த விபத்து திருகுக்குச் சரியான நீளத்தைக் கற்றுக்கொடுத்தது. 1845-ல் பிரிட்டிஷ் கடற்படை திருகு பொருத்திய ராட்லர் கப்பலையும் பக்கச் சக்கரம் பொருத்திய அலெக்டோ கப்பலையும் பின்புறமாகக் கயிற்றால் கட்டி இழுபறி விட்டது. அலெக்டோவின் சக்கரங்கள் முன்னோக்கி அடித்துக்கொண்டிருக்க, ராட்லர் அதைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது. அதற்குப் பின் பேச்சே இல்லை.

அந்தத் திருகின் பலம் அதன் எளிமை. ஒரு தண்டு, அதன் முனையில் ஒரு வார்ப்பு. கப்பலுக்குள் நீர் புகாமல் அடைக்க வேண்டிய துளை ஒன்றே ஒன்று. 2006-ல் மிதந்த எம்மா மெர்ஸ்க் சரக்குக் கப்பலின் முதன்மை எஞ்சினுடைய சக்தி சுமார் 80,000 கிலோவாட். அத்தனையும் ஒரே தண்டின் வழியாக ஒரே விசிறிக்குப் போகிறது. அதே இடத்தில் ஓலாய்டை வைத்துப் பார்த்தால், இரண்டு தண்டுகள், இரண்டு கவைகள், உப்பு நீரில் மூழ்கிய கீல்கள். ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறி இறங்குவதால் ஒவ்வொரு கீலிலும் விசை ஏறி இறங்கி அடிக்கும். பொருள் பெரிதாகப் பெரிதாக எடை கூடும், அந்த அடியும் கூடும்.

இதைவிடப் பெரிய தடை அந்தப் பூஜ்ய விடையில் ஒளிந்திருக்கிறது. அசையக் கூடாத பொறி அசைவதற்குக் காரணம் அதன் அளவுகள் மிகச் சரியாக இருப்பதுதான். ஒரு தண்டு சற்று விலகினாலும், கோணம் கொஞ்சம் மாறினாலும் சலுகை ரத்து. பொறி இறுகும், தாங்கி தேயும். ஆய்வுக்கூடத்து மேஜையில், இரண்டு லிட்டர் பாத்திரத்தை ஆட்டும் இயந்திரத்தில், அந்தத் துல்லியத்தைக் காப்பாற்றலாம். அலையில் வளைந்து நெளியும் கப்பலின் அடியில், சிப்பியும் துருவும் ஏறும் இடத்தில், வருஷக்கணக்கில் காப்பாற்றுவது வேறு விஷயம். டர்புலாவே கூடப் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துக்கும் சிறிய அளவுத் தயாரிப்புக்கும் உரிய இயந்திரமாகத்தான் இருந்து வருகிறது. டன் கணக்கில் கலக்கும் தொழிற்சாலைகளில் எளிமையாகச் சுழலும் பெரிய தொட்டிகளே ஆட்சி செய்கின்றன.

அப்படியானால் கடல் விநோதங்களை ஏற்காதா? ஏற்கும். 1920-களில் ஆஸ்திரியப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்னைடர் ஒரு உந்துகருவி யோசித்தார். படகின் அடியில் சுழலும் வட்டத் தட்டு; அதிலிருந்து செங்குத்தாகத் தொங்கும் கத்திகள்; சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கத்தியும் தன் கோணத்தை மாற்றிக்கொள்ளும். ஜெர்மனியின் வாய்த் நிறுவனம் அதைத் தயாரித்தது. பார்ப்பதற்கு ஓலாய்டுக்குக் குறைந்த விசித்திரமில்லை. விலையும் பராமரிப்பும் அதிகம். ஆனாலும் இழுவைப் படகுகளிலும் ஆற்றுத் தோணிகளிலும் அது இடம் பிடித்தது. காரணம், திருகால் செய்ய முடியாத ஒன்றை அது செய்தது. படகைத் திருப்பாமலே எந்தத் திசையிலும் உடனே தள்ளியது. துறைமுகத்தில் ராட்சதக் கப்பல்களை அங்குலம் அங்குலமாக நகர்த்துபவருக்கு அந்த ஒரு குணம் எல்லாச் செலவையும் ஈடுகட்டியது.

ஷாட்ஸின் கதை இங்கேதான் தெளிவாகிறது. மாத்திரைத் தூளுக்குச் சீரான சுழற்சியே நோய். புரளும் அசைவு நேரடியான மருந்து. கழிவுநீர்த் தொட்டிக்கு மென்மை தேவைப்பட்டது; ஓலாய்டிடம் மென்மை இருந்தது. கப்பலுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓயாத தள்ளல். அதற்குச் சீரான சுழற்சியே போதும் என்ற இடத்தில், துடித்துத் துடித்துப் புரளும் அசைவின் சிறப்பு எல்லாம் சுமையாக மாறியது. வடிவத்தில் குறையில்லை. அழகான விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வியைத் தேடுபவர்கள் எல்லோருக்கும் இந்தச் சோதனை உண்டு. கேள்வி சரியாக அமைந்தால் உலகம் முழுக்கக் கொண்டாடும். அமையாவிட்டால் அதே விடை அலமாரியில் அலங்காரப் பொருளாகிவிடும். ஷாட்ஸுக்கு மூன்றில் ஒன்று முழுதாக அமைந்தது, ஒன்று பாதி அமைந்தது. கண்டுபிடிப்பாளர்களின் வரலாற்றில் இது மோசமான கணக்கல்ல.

அந்த அசைவைக் காண ஸ்விட்சர்லாந்து போக வேண்டியதில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 4 செ.மீ. ஆரமுள்ள இரண்டு வட்டங்கள் வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி 2 செ.மீ. கீறுங்கள். கீறலுக்குள் கீறலாக, ஒன்றுக்கொன்று குறுக்காகச் செருகுங்கள். ஒவ்வொரு வட்டத்தின் விளிம்பும் மற்றதன் மையத்தைத் தொடும். இது ஓலாய்டின் எலும்புக்கூடு. சற்றுச் சரிவான பலகையில் வைத்துவிட்டால் அது ஒரு கணம் தயங்கும், ஒரு பக்கம் சாயும், பிறகு இடமும் வலமுமாக ஆடியபடி இறங்கிப் போகும். வீட்டில் சிறுபிள்ளை இருந்தால் மறுபடியும் விடச் சொல்லும். அதை வைத்து என்ன செய்யலாம் என்று அந்தப் பிள்ளை கேட்டால், 1929-லிருந்து கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு இன்னும் விடைகள் மீதமிருக்கின்றன என்று தைரியமாகச் சொல்லலாம்.